கலைத்துப் போட்ட படுக்கை

மடிப்பக்கா என்றால் அந்த ஓட்டலில் தெரியாதவர் கிடையாது. கல்யாணமான புதிதில் அறை துடைக்கச் சேர்ந்தவள், பேரன் பிறந்த பிறகும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "நான் விரிச்ச படுக்கையில ஒரு சுருக்கம் காட்டுங்க, வேலைய விட்டுடறேன்" என்று சூப்பர்வைசரிடமே சவால் விட்டவள். யாராவது தங்கிவிட்டுப் போன அறையை, அங்கே ஒருவருமே தங்கியதில்லை என்று சத்தியம் பண்ணலாம்போல ஆக்கிவிடுவாள். அந்தச் சாமர்த்தியத்துக்குக் கிடைத்தது இந்தப் பட்டப்பெயரும் முழங்கால் வலியும்தான்.

புருஷன் பஸ் டிரைவர். அவர் வீட்டுக்குள் நுழையும்போது இவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். இருவரும் ஜோடியாகப் போன இடங்கள் கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வெளிநாட்டில் ஒரு நகரத்துக்குப் போகிறோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும், மூன்று நாள் என்று அறிவித்தாள்.

நாத்தனார் மூக்கின்மேல் விரலை வைத்தாள். "பேரன் எடுத்த வயசுல ஊர் சுத்தவா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தராவது என் முழங்காலுக்குத் தைலம் தேச்சு விட்டிருக்காங்களா அண்ணி?"

மகன் சிரித்தான். "விடுங்க அத்தை. அம்மாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அங்க போயும் ரூமைப் பெருக்கிட்டுத்தான் வரும்."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "அங்க நான் ஒரு துரும்பக்கூடக் கிள்ளிப் போட மாட்டேன்டா. ஜன்னலோரமா படுத்து, வெயில் மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் தூங்கப் போறேன். பாத்துக்கிட்டே இரு" என்றாள். அதற்காகவே டிரைவரின் போனில் படம் படமாகப் பார்த்து, ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னல் உள்ள அறையாகப் பிடித்தாள்.

முதல் நாள் காலையில் பழக்கதோஷத்தில் விடிவதற்கு முன்பே முழிப்புத் தட்டிவிட்டது. டிரைவர் குளிக்கப் போனார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் கைகள் அவளைக் கேட்காமலேயே வேலையில் இறங்கிவிட்டன. விரிப்பை இழுத்துச் செருகின, துண்டுகளை மடித்தன, குப்பைக் கூடையை நடைக்கூடத் தொட்டியில் கொட்டின, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தின. கிளம்பும்போது சாவி அட்டையை மேஜை நடுவில் வைத்தன. அவளுடைய ஓட்டலில் அறையைக் காலி செய்பவர்கள் சாவியை வைத்துவிட்டுப் போகும் இடம் அது.

பகலெல்லாம் ஊர் சுற்றினார்கள். டிராமில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேக் அடிக்கத் தெரியலையே இவனுக்கு" என்று டிரைவர் முணுமுணுத்தார். பாலத்தின் மேல் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிச் சின்னப் பிள்ளைகள்போல முழங்கை வரை வழியவிட்டுச் சாப்பிட்டார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, விட மனசும் வரவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து, சாவியைத் தேடிக் காணாமல் அறைக் கதவின் பிடியை ஆட்டினால், உள்ளேயிருந்து துண்டு கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

கீழே வரவேற்பு மேஜையில் இருந்த பெண் டிரைவரின் போனை வாங்கிப் பேசினாள். போன் அதைத் தமிழாக்கித் தேன் குரலில் சொன்னது: நீங்கள் அறையைக் காலி செய்துவிட்டீர்கள். சாவி மேஜையில் இருந்தது. அறையில் ஒருவர் தங்கிய அடையாளமே இல்லை. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

மடிப்பக்காவுக்குப் பகீரென்றது. மகன் சொன்னது பலித்துவிட்டதே! தன் கையாலேயே தன்னைத் துடைத்துப் போட்டுவிட்டோமே என்று கண் கலங்கியது. மேனேஜர் வந்து, பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது, ஜன்னல் மட்டும் இல்லை என்று போன் வழியாகச் சொன்னார்.

"சரின்னு வாங்கிக்கலாம்மா. தப்பு நம்ம பேர்லதானே" என்றார் டிரைவர்.

அவளுக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் ஓட்டலில் கற்றுக்கொண்டவை: குட் மார்னிங், சாரி சார், எஸ் மேடம், ஒன் மினிட் சார். வயசெல்லாம் பேசிப் பேசி நாக்கில் ஊறியவை. அதில் ஒன்றுகூட இப்போது உதவாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"சாவிய வச்சது என் தப்புதான். அதுக்காக அலமாரியத் திறந்துகூடப் பாக்காம ரூமைத் தூக்கிக் குடுத்துடுவீங்களா? மேல்தட்டுல எங்க பெட்டி இருக்கு. போய்ப் பாருங்க. சுத்தமா இருந்தா ஆளே இல்லன்னு அர்த்தமா?"

போன் அதையும் தேன் குரலில் மொழிபெயர்த்தது.

"என்னங்க, இது கொஞ்சுதே! நான் கோவமா இருக்கேன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் உன் மூஞ்சிலேயே தெரியுது" என்றார் டிரைவர்.

மேனேஜர் ஆளை அனுப்பினார். பெட்டி அங்கேதான் இருந்தது. புதிதாகத் தங்க வந்த தம்பதி இன்னும் அலமாரியைத் திறக்கவே இல்லை. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்தார். மடிப்பக்கா செருப்பைக் கழற்றினாள். வரவேற்பறையின் நடுநாயகமான வெல்வெட் சோபாவில் காலை நீட்டிப் படுத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"எழுந்திரும்மா, மானம் போகுது!"

"போகட்டும். உங்களுக்கும் இடம் இருக்கு, வந்து உக்காருங்க."

டிரைவர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அவள் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். முழங்காலை மெல்லப் பிடித்துவிடவும் தொடங்கினார்.

அதற்கு மேல் மேனேஜரால் தாங்க முடியவில்லை. அந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டு, மேல்மாடியில் இதைவிடப் பெரிய அறைக்கு அனுப்பிவைத்தார். "அந்தப் பெரிய ரூமை நாமளே கேட்டிருக்கலாமோ?" என்று டிரைவர் காதைக் கடித்தார்.

"எனக்கு என் ரூம்தான் வேணும்."

மறுநாளும் விடிவதற்கு முன்பே முழிப்பு வந்தது. விரிப்பைக் கண்டதும் கை துறுதுறுத்தது. மடிப்பக்கா இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் திணித்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். அத்தனை வருஷம் செய்த வேலையை விட அது கஷ்டமாக இருந்தது. வெளியே நடைக்கூடத்தில் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். துடைக்க வருகிறவள், பாவம். ஒரே ஒரு தடவை எழுந்தாள். 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை வெளியே மாட்டிவிட்டுத் திரும்ப வந்து படுத்தாள். ஓர் அறை வேலையாவது அவளுக்கு மிச்சமாகட்டும்.

வெயில் முகத்தில் அடித்தபோது போன் கூப்பிட்டது. திரையில் மகன். அவன் தோளுக்குப் பின்னால் நாத்தனார்.

"என்னம்மா, ரூமைப் பெருக்கி முடிச்சிட்டியா?"

மடிப்பக்கா போனைத் திருப்பிக் காட்டினாள். தரையில் கிடந்த தலையணை, பந்தாகச் சுருண்ட விரிப்பு, அதற்கு நடுவில் வாயைப் பிளந்து குறட்டை விடும் டிரைவர்.

"ஐயையே, என்ன கோலம் இது!" என்று நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க அண்ணி. ராத்திரி இங்க நாங்கதான் படுத்திருந்தோம்" என்றாள் மடிப்பக்கா.