மாதா படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு

ஜான்சி பஜ்ஜியை வாங்கியதும் தின்ன மாட்டாள். அதை என் கையில் திணித்துவிட்டு, எண்ணெய் ஊறிய காகிதத்தை முழங்கால்மேல் வைத்து நீவுவாள். பிறகு பெசன்ட் நகர் தெருவிளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்து, இரண்டு பக்க எழுத்தும் கலந்து தெரிய, கண்ணைச் சுருக்கிப் படிப்பாள். 'உதவித்தொகை' என்ற சொல் எங்காவது தென்பட்டால் காகிதம் மடிந்து கைப்பைக்குள் போகும். அதற்குள் பஜ்ஜி என் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அப்படி அகப்பட்டதுதான் மயிலாப்பூர் அறக்கட்டளையின் அறிவிப்பு. தரமணியில் ஒரு கல்லூரியில் அவளுக்கு பி.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது, கட்டணம் கட்ட வழியில்லை. அறக்கட்டளை கொடுத்தால் கல்லூரி, இல்லையென்றால் அம்மாவோடு மீன்கூடை. வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக போன் வந்தது.

எங்கள் ஊரூர் குப்பத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இருப்பதை ஒளித்து வை.

"ஃபிரிட்ஜ வச்சுகினு ஏழைன்னா எவ நம்புவா?" என்றாள் ஜான்சியின் அம்மா.

"மாட்டிக்கினா மொத்தமா போயிடும்மா."

"நீ சும்மா இருடி. டேய் அறிவு, ஒரு கை புடி. வாயத் தொறக்காம நிக்கிறதுல நீ கெட்டிக்காரன், நாளைக்கும் அப்டியே நில்லு."

அவள் அப்பா மரியசெல்வமும் நானும் ஃபிரிட்ஜைப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். எங்களுடையதும் அதுவும் புதுச் சம்பந்திகளைப் போல ஒட்டியும் ஒட்டாமலும் நின்றன.

மறுநாள் அறக்கட்டளையிலிருந்து குடையோடு வந்தவர் அபயாம்பாள் மாமி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். மாதா படத்துக்குக் கீழே அவர் பார்வை நின்றது. அங்கே ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்ற எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"இது என்ன எரியறது?"

"மாதா வெளக்கும்மா," என்றாள் ஜான்சியின் அம்மா, கண்ணிமைக்காமல்.

"வெளக்குல எதுக்கும்மா வோல்டேஜ் நம்பர் ஓடறது?"

ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதற்குமேல் முடியவில்லை, சிரித்துக்கொண்டே, "மேடம், ஃபிரிட்ஜ் பக்கத்து வூட்ல கீது. நைனாவும் இவனும்தான் தூக்கினு போனாங்க," என்று என்னைக் கைகாட்டினாள்.

மாமி எழுந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு ஃபிரிட்ஜையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இதுல எது அவாளுது?"

காட்டினேன். திறந்தார், மீன் வாடை வந்ததும் மூடினார். திரும்பப் போய் ஜான்சி வீட்டின் காலி மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபிரிட்ஜ் அங்கேயே இருக்கட்டும்," என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

"போச்சு! பல்லக் காட்டியே காலேஜத் தொலைச்சிட்டா," என்றாள் ஜான்சியின் அம்மா.

"மாதாவுக்கு ஸ்டெபிலைசர் வச்சது நீ. நான் இன்னா பண்றது?"

மரியசெல்வம் ஃபிரிட்ஜைத் திரும்பத் தூக்க மறுத்துவிட்டார். "அந்தம்மா சொல்லிட்டாங்கல்ல," என்றார். முதல்நாள் தூக்கியதில் பிடித்துக்கொண்ட முதுகைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலி மூலையில் ஜான்சி பாயை விரித்துப் புத்தகங்களை அடுக்கினாள்.

அடுத்த வாரம் அறக்கட்டளையிலிருந்து பணம் நேராகக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் யாருக்கும் காரணம் புரியவில்லை. நன்றி சொல்லப் போன ஜான்சியிடம் மாமிதான் சொன்னாராம்: வசதியைப் பார்க்கும் வேலை சான்றிதழோடு முடிந்துவிடும், வீட்டுக்கு வருவது, பெண் உட்கார்ந்து படிக்க அங்கே ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான்.