ஐயப்பன் பெட்டிக் காசு

மாலை போட்டுவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் சாமிதான். அப்பா என்னைச் சாமி என்பார், நானும் அவரைச் சாமி என்பேன். அந்தக் கார்த்திகையில், இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் எங்கள் லயன் வீடுகளிலிருந்து ஏழு பேர் கறுப்பு வேட்டி கட்டினோம். அப்பாவும் நானும் கன்னிச்சாமிகள், அதாவது சபரிமலைக்கு முதல் தடவை போகிறவர்கள். குருசாமி என் தாய்மாமன், அம்மாவின் அண்ணன். எங்கள் எல்லோருக்கும் மாலை போட்டுவிட்டவர் அவர்தான்.

அப்பாவின் நேர்த்திக்கடன் எனக்காக. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தால் பதினெட்டுப் படி ஏறி வருவதாக அவர் வேண்டியிருந்தார். கிடைத்த வருடம் கொரோனா. அதற்குப் பிறகு எண்ணெய்க்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். ஒரு நாள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி அப்பாவின் கெண்டைக்காலைக் கிழித்தது. இரத்தத்தைத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “சொன்ன மாதிரி போகல்லல்ல, அதான்” என்றார். அதற்குப் பிறகு தலைவலி வந்தாலும் அதே பேச்சு. இந்த முறை பாஸ்போட் எடுத்து, விமான டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இந்த வருடமும் போகாவிட்டால் மனிதர் உடைந்துவிடுவார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

இந்தியக் காசு எடுப்பதில்தான் வினை வந்தது.

நான் ஹட்டனுக்குப் போய் வங்கியில் கேட்டேன். கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் என் பாஸ்போட்டையும் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் டொலர் தந்தாள். எவ்வளவு தந்தாள் என்பதைப் பாஸ்போட்டின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை குத்தினாள். விமான நிலையத்தில் கேட்டால் இதைக் காட்டுங்கள், மிஞ்சியதைத் திரும்ப வங்கிக்குத்தான் கொண்டுவர வேண்டும், வெளியில் விற்கக்கூடாது என்று மெதுவாக, எனக்குப் புரியும் சிங்களத்தில் சொன்னாள். என் சம்பளத்தில் சேர்த்ததை எல்லாம் கொடுத்திருந்தேன். சிக்கனமாக இருந்தால் இரண்டு பேருக்குப் போதும்.

பஜனை மடத்தில் இதைச் சொன்னபோது சாமிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“சேர் சாமி மலைக்குப் போறாரா, லண்டனுக்குப் போறாரா?” என்றார் ட்ராக்டர் ஓட்டுகிற சாமி. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் எனக்கு அந்தப் பெயர்.

மாமா சிரிக்கவில்லை. “பேங்க்ல டொலர் வாங்கி, அங்க போயி அத இந்தியன் காசா மாத்துனா ரெண்டு எடத்துல தோல உரிப்பான் சாமி. நம்மகிட்டதான் ஐயப்பன் காசு இருக்கே” என்றார்.

ஐயப்பன் காசு என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். மலைக்குப் போய் வந்தவர்கள் கையில் மிஞ்சிய இந்திய ரூபாயை நம் காசாக மாற்ற மாட்டார்கள். அது சாமி செலவுக்குக் கொண்டுபோன காசு, அதில் அரிசி பருப்பு வாங்கக்கூடாது. மடத்தில் ஐயப்பன் படத்துக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு, அதற்குச் சரியான இலங்கைக் காசை மடத்துக்குக் கொடுப்பார்கள். கடைசியாகப் போனவர்கள் கூட்டமாகப் போய், நிறையவே மிச்சம் பிடித்து வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. பெட்டி பூட்டியே கிடந்தது. சாவி மாமாவின் அரைஞாணில்.

எல்லோரும் தங்கள் காசை மாமாவிடம் கொடுத்தார்கள். அப்பாவும் கொடுத்தார். வேண்டாம், என் டொலரே இரண்டு பேருக்கும் போதும், மேலே வேண்டுமென்றால் உங்கள் பாஸ்போட்டிலும் வங்கியிலேயே எழுதி எடுப்போம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

“மச்சான்கிட்டப் போயி ரூல்ஸ் பேசச் சொல்றியா?” என்றார்.

புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பஜனை முடிந்ததும் மாமா பெட்டியைத் திறந்தார். ஒவ்வொருவரும் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கை நீட்ட, நோட்டுகளைத் திருநீறு மாதிரிக் கையில் வைத்தார். எல்லாம் ரோஸ் நிறத்து இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள். அப்பா கண்களில் ஒற்றிக்கொண்டார்.

நான் மாமாவைப் பார்த்து, “சாமி, இந்த நோட்ட இந்தியாவுல நிப்பாட்டிட்டாங்க. கடையில எடுக்க மாட்டாங்க” என்றேன்.

“யாரு சொன்னது?”

“நியூஸ்ல வந்திச்சு சாமி. இந்தா போன்லகூட…”

“ஐயப்பன் காலடியில இருந்த காசு. அது செல்லாதுங்குறியா?”

“ஐயப்பன் அடிச்ச நோட்டு இல்லியே சாமி.”

வாயை விட்டு வந்துவிட்டது. மாமா கையிலிருந்த ஜால்ராவை எறிந்தார். பித்தளை விளிம்பு என் புருவத்தைப் பிளந்தது. கண்ணுக்குள் சூடாக இறங்கிய பிறகுதான் இரத்தம் என்று தெரிந்தது. யாரோ ‘சரணம் சரணம்’ என்று கத்தினார்கள். அப்பா எழுந்து மாமாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். மாலை போட்டவன் கை நீட்டினால் விரதம் போயிற்று. ஒரு கை மற்றதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்ததை நான்தான் பின்னாலிருந்து பார்த்தேன்.

“நாளைக்கு ஹட்டன்ல கேப்போம் சாமி. கேட்டுட்டுப் பேசுவோம்” என்றார் அப்பா.

இரவே தோட்டத்து டிஸ்பென்சரியில் என் புருவத்துக்குத் தையல் போட்டார்கள். காலை பஸ்ஸில் எல்லோரும் போனோம். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா அடிக்கடி சென்னைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருகிறவர். மாமா நீட்டிய நோட்டை வாங்கி, வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“இத எங்கேந்து எடுத்தீங்க சாமி? இத நிப்பாட்டி எவ்வளவு நாளாச்சு! கடக்காரன் எடுக்க மாட்டான். பெரிய பேங்க் ஒன்னு சில ஊர்ல இருக்கு, அங்க லைன்ல நின்டு, அந்த நாட்டு கார்ட காட்டணும். நீங்க சிலோன் ஆக்கள், என்னத்த காட்டுவீங்க?”

“அப்ப எங்க காசத் திருப்பிக் குடுங்க சாமி” என்றார் ட்ராக்டர் சாமி, மாமாவைப் பார்த்து.

மாமா நானாவின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். தன் மகனின் த்ரீவீல் ஆட்டோவை, தவணை கட்டாததால், லீசிங்காரன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். அதை மீட்க, சாமிமார் கொடுத்த காசைக் கட்டியாயிற்று. பெட்டியில் அதற்குச் சமமாக இந்தியக் காசு இருக்கிறதே, யாருக்கு நட்டம் என்று நினைத்துவிட்டார்.

ஒருவர் மாமாவின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தார். நானா மேசையைச் சுற்றி ஓடி வந்தார். “சாமிமாரே, கடைக்குள்ள வேணாம், அல்லாவுக்காக வேணாம், வெளிய போங்க” என்று கைகூப்பினார்.

திரும்பி வந்த பஸ்ஸில் மாமாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு முன்னால் இறங்கினோம். பஸ் வளைவில் மறையும் வரை காத்திருந்தார்கள்.

“ரெண்டு மாசம் பொறுங்க சாமி. அடகு வச்சாவது குடுத்துர்றேன்” என்றார் மாமா.

“ரெண்டு மாசம் கழிச்சி ஜோதி ஒனக்காகத் திரும்ப எரியுமா சாமி?”

“ஒங்க மகன் த்ரீவீல்லயே மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவீங்களா சாமி?”

“திருட்டுச் சாமி.”

முதல் குத்து மாமாவின் வாயில் விழுந்தது. ட்ராக்டர் சாமியின் கை. மாமா பின்னால் சாய்ந்து தராசுக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் மிதித்தார்கள். செருப்பில்லாத கால்கள், விரதக் கால்கள். ஒவ்வொரு மிதிக்கும் ‘சாமி, சாமி’ என்று திட்டிக்கொண்டே மிதித்தார்கள். சாமி என்ற சொல் அவ்வளவு அசிங்கமாக ஒலித்து நான் அதுவரை கேட்டதில்லை. இடையில் புகுந்தேன். யாருடைய முழங்கையோ என் புருவத்துத் தையலை மறுபடி திறந்தது.

அப்பா மட்டும் ஒதுங்கி நின்றார். கை இரண்டும் பின்னால்தான் இருந்தன. “போதும் சாமி, விட்ருங்க. மலைக்குப் போகணும், விட்ருங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதற்குத்தான் அவர்கள் கொஞ்சம் விலகினார்கள். மாமா எழுந்து உட்கார்ந்து ஒரு பல்லைத் துப்பினார். யாரைப் பார்த்துக் கோபப்படுவது என்று தேடினார் போலும். எதிரில் நின்றது அப்பா.

“எல்லாம் ஒன் மகன் வாயால வந்தது. அவன் சும்மா இருந்திருந்தா அங்க போயி எப்புடியாவது பாத்திருப்பேன். ஒனக்கு மல ஏறுற குடுப்பினையே இல்லடா. அதான் வருசா வருசம் ஐயப்பன் ஒன்னயத் தள்ளிவிடுறான். ஒன் நேர்த்திய அவன் ஏத்துக்கல. நாளைக்கு ஒன் மகனுக்கு ஒன்னு ஆனா அப்பத் தெரியும்.”

மடுவத்துச் சுவரில் மண்வெட்டிப் பிடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்பா எடுத்ததை நான் பார்க்கவில்லை. ஓங்கியதைத்தான் பார்த்தேன். முப்பது வருடம் கவ்வாத்து வெட்டிய கை. மாமா தலையை மறைக்க வலது கையைத் தூக்கினார். காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். அப்பா நிறுத்தவில்லை. தோள், விலா, முழங்கால் என்று அடித்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடித்தார். இதுவரை மிதித்தவர்களே பயந்து, “சாமி, செத்துருவாரு சாமி!” என்று அலறினார்கள்.

கொழுந்துக் கூடையோடு வந்த அம்மா கூடையை எறிந்துவிட்டு ஓடி வந்து அண்ணன் மேல் விழுந்தார். அடுத்த அடி அம்மாவின் தோளில் விழுந்தது.

“எங்க அண்ணன்ய்யா!”

அதற்குப் பிறகுதான் பிடி கீழே விழுந்தது. அப்பா தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவின் வேட்டி முழுக்க இரத்தம். கறுப்பு வேட்டி என்பதால் நனைந்தது மட்டுமே தெரிந்தது.

தோட்டத்து லொறியில் மாமாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொலிஸ்காரர் வந்து கேட்டபோது, வடிகால் கானுக்குள் வழுக்கி விழுந்துவிட்டதாக மாமா சொன்னார். சாமியைச் சாமி அடித்தது என்று எழுதவிட அவருக்கு மனம் வரவில்லை. பொலிஸ்காரர் என் புருவத்தையும் பார்த்தார். நானும் அதே கானில்தான் விழுந்தேன் என்றேன்.

மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். மாமாவின் வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

“மாலையக் கழட்டிவிடுங்க சாமி” என்றார். மாலையைப் போட்டுவிட்ட குருசாமிதான் கழற்றவும் வேண்டும். தானாகக் கழற்றினால் அது இன்னொரு பாவம்.

“நா ஏமாத்தல” என்றார் மாமா. “அந்தக் காசு செல்லும்னுதான் நெனச்சேன். எத்தன வருசம் விளக்கு வச்சேன் அதுக்கு.”

“தெரியும் சாமி.”

“நீ போ. நீ போயிட்டு வா.”

“இந்தக் கையோட எப்புடிங்க படியத் தொடுறது?”

மாமாவின் திறந்திருந்த கண் கலங்கியது, உடனே காய்ந்தது. “அப்பக் குனி” என்றார்.

அப்பா குனிந்தார். மாமா இடது கையால் மாலையைப் பிடித்தார். மந்திரம் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கழுத்து நரம்பு புடைக்க ஒரே இழுப்பாக இழுத்தார். அப்பாவின் முகம் கட்டில் சட்டத்தில் மோதியது. மாலை அறுந்து உருத்திராட்ச மணிகள் வார்டு முழுக்க ஓடின.

“மொனவத மே!”, என்ன இது என்று சிங்களத்தில் கத்தியபடி ஓடி வந்த நர்ஸ் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னாள். அப்பாவின் கழுத்தைச் சுற்றி நூல் அறுத்த சிவப்புக் கோடு. அதைத் தடவிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

பஸ் நிலையத்துக்கு வந்ததும், “நானும் போகல. டொலரத் திரும்ப பேங்க்ல குடுத்திருவோம்” என்றேன்.

“தலவாக்கல குரூப்பும் நம்ம ப்ளேன்லதான் புதன்கெழம போவுது. அவங்களோட போ.”

“நீங்க இல்லாம எப்புடி சாமி? நேர்த்தி ஒங்களோடது.”

கன்னத்தில் பளீரென்று விழுந்தது. நின்றிருந்த பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நா சாமி இல்ல. ஒங்கப்பன். மால இல்லல்ல, இப்ப அடிப்பேன்” என்றார். குரல் உடைந்திருந்தது. “அந்தக் காசு ஒன் பாஸ்போட்லதானே எழுதியிருக்கு? வேற எவன் கொண்டு போவான்? நீதான் போகணும். ஏறு.”

ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவரிடம், நீங்கள் வீட்டுக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

“மச்சானுக்கு வலது கை இல்ல. சோறு யாரு ஊட்டுறது?” என்றார் அப்பா. தெருவோரக் கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.