பதினொரு ஆர், ஒரே ஓர் எஸ்

கடந்த மார்ச்சில் பதினாறு நாள் ஒரே பயணத்தைச் செய்தேன்: மயூர் விஹார் வீட்டிலிருந்து தெற்கு டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு. மனைவி ஜானகிக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து, ஐந்தாம் நாள் தையலில் சீழ் பிடித்திருந்தது. இது பயணக் கட்டுரையாகுமா என்று எனக்கே சந்தேகம்தான். இதே வழியில் போகிறவர்களுக்கு உதவட்டும்.

மயூர் விஹார்-1 ஸ்டேஷனில் மெட்ரோவின் பிங்க் லைன் ஏறினால் ஐ.என்.ஏ. வரை வண்டி மாற வேண்டாம். பதினெட்டு நிமிடம், முப்பத்திரண்டு ரூபாய். பிறகு ஆட்டோவுக்கு அறுபது. "மெதுவாப் போ, தம்பி" என்றால், "ஆஸ்பத்திரிக்கு மெதுவாப் போற முதல் ஆள் நீங்கதான், பாபுஜி" என்று ஆட்டோக்காரர்கள் இந்தியில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒன்பதாம் நாள். காய்ச்சல் இறங்கவில்லை. இப்படியே போனால் எலும்பில் பொருத்திய உலோக பிளேட்டை எடுக்க நேரிடும் என்றார் டாக்டர். காலை 9.40க்குச் சீழ்ப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்தது. பன்னிரண்டு மருந்துகள், பதினொன்றுக்கு எதிரே ஆர், ரெசிஸ்டன்ட். ஒன்றுக்கு மட்டும் எஸ், சென்சிடிவ்.

எங்கள் வீட்டில் சென்சிடிவ் என்றால் ஒத்துக்கொள்ளாது என்று பொருள். கத்தரிக்காய் ஜானகிக்கு சென்சிடிவ். ஆகவே அந்த ஒரு மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். அவளைத் தனி அறைக்கு மாற்றத் தந்த படிவத்தில், 'அலர்ஜி' என்ற இடத்தில் அதையே எழுதியும் கொடுத்தேன்.

நாகர்கோவில்காரரான நர்ஸ் படிவத்தோடு திரும்பி வந்தார்.

"அங்கிள், இது அலர்ஜின்னு யாரு சொன்னா?"

"ரிப்போர்ட்லயே சென்சிடிவ்னு போட்டிருக்கேம்மா."

"ஐயோ! சென்சிடிவ் ஆன்ட்டி இல்ல, கிருமி. இந்த ஒரு மருந்துக்குத்தான் அது சாகும். மத்த பதினொண்ணுக்கும் அசையாது. இதையும் அடிச்சுட்டா எதைக் குடுக்க?"

படிவத்தை வாங்கி, எழுதியதை அடித்தேன். கட்டிலிலிருந்து ஜானகி மெல்லச் சொன்னாள்: "இவரோட நாப்பத்தாறு வருஷம், சிஸ்டர். சென்சிடிவா இருந்தா தாங்கியிருப்பேனா?"

அன்று மதியமே அந்த ஊசி ஆரம்பித்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பிளேட் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கை கழுவுங்கள். ரிப்போர்ட்டுக்கு நீங்களாக அர்த்தம் பண்ணாதீர்கள். படித்தவன் என்ற கூச்சம் வேண்டாம், கேளுங்கள். காலை எட்டுக்குமுன் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

போன வாரம் அதே பிங்க் லைனில் இருவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனோம். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஜானகி ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காட்டினாள்.

"இதுக்கு எஸ்ஸா, ஆரா?"

தெரியவில்லை என்றேன். கால் கிலோ வாங்கினாள்.