அம்மா சொன்ன கலர் படம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குச் சாமான் சீட்டும் பிள்ளைகளுக்கு லீவு லெட்டரும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. கருப்பு வெள்ளைப் பெட்டி. திரைக்கு முன்னால் இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற மரக்கதவு உண்டு. அந்தக் கதவைத் திறக்கும் உரிமை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும்போது தெருவே எங்கள் முன்னறையில் வந்து உட்காரும். யார் எங்கே உட்காருவது என்று நான்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவள் என்று பெயரெடுத்தவள், அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் தாசில்தார் மாதிரி நடப்பேன். முந்தின நாள் என்னோடு சண்டை போட்டவளைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைப்பேன்.

இரண்டு வீடு தள்ளி அத்தை வீடு. அத்தை அப்பாவின் தங்கச்சி. மாமா துபாயில் இருந்தார். அந்த வருஷம் லீவுக்கு வந்தபோது காரின் தலையில் ஒரு பெட்டி வந்தது. நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். கலர் டிவி. கூடவே கேசட் போட்டுப் படம் பார்க்கிற டெக். இதையெல்லாம் விட என் நெஞ்சில் தைத்தது ரிமோட்தான். அது வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் அத்தை மகள் கையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். குளத்துக்கும் கொண்டு வந்தாள். அவளும் என் வகுப்புதான்.

"ஏட்டி, ஒங்க டிவியில சண்டைல ரத்தம் கருப்பாத்தானே வரும்?" என்று கேட்டாள். "எங்க டிவியில செவப்பா வரும்."

ரத்தம் சிவப்பு என்பதே அன்றைக்குத்தான் எனக்குப் பிடிக்காமல் போனது.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது நாகர்கோவிலில் இருந்து ஒரு பிளாஸ்டிக் தாள் சுருட்டிக் கொண்டுவந்தார். மேலே நீலம், நடுவில் ரோஸ், கீழே பச்சை. அதை டிவி திரை மேல் ஒட்டினால் கருப்பு வெள்ளைப் பெட்டி கலர்ப் பெட்டி ஆகிவிடுமாம். வானமும் மனுஷனும் புல்லும் வரிசையாக வருகிற காட்சிக்கு அது சரியாகத்தான் இருந்தது. செய்தி வாசிக்கிற அம்மாளுக்கு நீலத் தலைமுடியும் பச்சை ரவிக்கையும் வந்தன.

"இது போரும். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார் அப்பா.

அம்மா எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளத்தில் துணி துவைக்கும்போது பெண்களுக்குப் படக்கதை சொல்வது அவள்தான். வேறு எந்த விஷயத்திலும் அவள் பேச்சு ஏறாது. படம் என்று வந்துவிட்டால் எல்லாரும் சோப்பைக் கல்லில் வைத்துவிட்டுக் கேட்பார்கள். எந்தப் பாட்டுக்குக் கதாநாயகி என்ன சேலை, கரை என்ன நிறம், தலையில் என்ன பூ என்பதுவரை சொல்வாள். சினிமா விஷயத்தில் தெருவில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அதனால்தான் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி சாயங்காலம் வரைக்கும் தெருவுக்கே படம் போடப்போகிறார். சின்ன வயதிலேயே வெளிநாடு போனவர், படம் பார்த்துப் பழக்கமில்லாதவர். டிவியின் பெருமை தெரிகிற மாதிரி படம் வேண்டும்.

"அக்கா, கதையெல்லாம் எப்படியும் போட்டும். கலருதான் வேணும். பாக்கவனுக்குக் கண்ணு கூசணும். அப்படிப் படம் எது? ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்துவிட்டது. "நாளைக்குச் சொல்லுகேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம். எங்கள் கூட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவருக்கு எங்கள் அம்மாவே யோசனை சொல்வதா? கேவலமான படமாகச் சொல்ல வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அம்மா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "கலரு யோசனையில உப்பு தெரியல்ல போல" என்றார். அவளுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் மாமா வந்தபோது ஒரே ஒரு படத்தின் பெயர்தான் சொன்னாள். "மத்தது கேசட்டுக் கடைக்காரன் குடுக்கத எடுங்கோ. இது மட்டும் கண்டிப்பா எடுங்கோ. ஒரு தோட்டம் வரும். பூராவும் மஞ்சப் பூ. நடுவுல அவ மாம்பழக் கலர்ல சேல கட்டி நடந்து வருவா. அதுமாதிரி ஒரு கலரு இந்த ஒலகத்துலயே கெடையாது."

அவ்வளவு நீளமாக அம்மா மாமாவிடம் பேசி நான் கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தை வீட்டு ஜன்னல்களில் வெளிச்சம் வராமல் போர்வை கட்டியிருந்தார்கள். தெரு முழுக்க அங்கேதான். எங்கள் அப்பா மட்டும் வரவில்லை. வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதாகச் சொன்னார். வயலில் அப்போது அறுவடை முடிந்து தண்ணீருக்கு வேலையே இல்லை.

யார் எங்கே உட்கார வேண்டும் என்று அத்தை மகள் ரிமோட்டை நீட்டி நீட்டிக் காட்டினாள். என்னை வாசல் நிலையோடு ஒட்டி உட்கார வைத்தாள்.

முதல் படத்தில் ஒரு அருவி வந்தது. நிஜமாகவே கண் கூசியது. தண்ணீர் வெள்ளையாக இல்லை, வெள்ளிபோல விழுந்தது. நான் ரசிக்கக் கூடாது என்று இருந்தேன், என் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆனால் கூட்டம் வேறு வழியில் போய்விட்டது.

"ஏலே, இது நம்ம திற்பரப்புலா?"

"திற்பரப்புல ஏது இம்புட்டு ஒயரம்? இது குத்தாலம்."

"குத்தாலத்தை நான் பாக்காதவனா? கல்லைப் பாரும், அந்தக் கல்லுல நான் வழுக்கி விழுந்திருக்கேன்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எடத்தை வுடுங்கோ. கலரப் பாருங்கோ, கலர!" என்று கத்தினார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் திரும்பி வந்தார்கள். மாமா எழுந்து நின்று ஒரு கேசட்டைத் தூக்கிக் காட்டினார். "இதுவரைக்கும் பாத்ததெல்லாம் ஒண்ணுமில்ல. இது அக்கா சொன்ன படம். பேரு சொல்ல மாட்டேன். பாத்துக்கிடுங்கோ." எல்லாரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருந்தாள். அத்தை மகள் ஓடிப்போய் அம்மா மடியில் சாய்ந்துகொண்டு, "எங்க அத்தை சொன்ன படம்" என்றாள். அந்த நிமிஷம் அவளைக் கொல்லலாம் போல இருந்தது.

கேசட் உள்ளே போனது. படம் ஓடியது. கருப்பு வெள்ளை.

எழுத்து போட்டு முடிந்தால் கலர் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எழுத்து முடிந்தது. வரவில்லை. மாமா பின்னால் போய் வயரைப் பிடித்து அழுத்தினார். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தை மகள் ரிமோட்டில் எல்லாப் பட்டனையும் அமுக்கினாள்.

"கண்ணு பட்டுட்டு" என்று அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. "வந்து ஒரு வாரம் ஆகல்ல, எவ கண்ணோ பட்டுட்டு!"

மாமா பழைய கேசட்டை மாற்றிப் போட்டார். அருவி பளபளவென்று விழுந்தது. எடுத்துவிட்டு அம்மா சொன்னதைப் போட்டார். மறுபடியும் கருப்பு வெள்ளை.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கனைத்தார். "மக்கா, பெட்டியை அடிச்சுக் கொல்லாத. இது அந்தக் காலத்துப் படம். இது எடுத்ததே கருப்பு வெள்ளையிலதான். துபாய்லேருந்து தண்டவாளம் போட்டு வந்தாலும் இதுல கலரு வராது."

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. வாசலில் இருந்து அதைவிடப் பெரிய சிரிப்பு ஒன்று கேட்டது. பார்த்தால் அப்பா. எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை. மண்வெட்டி கூட இல்லாமல் வயலுக்குப் போனவர், தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "மைனி, வேணும்னேதானே சொன்னிய?"

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இல்லை என்று சொல்லிவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "சும்மா ஒரு தமாசுக்கு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் அம்மா! வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேனே! இத்தனை நாளாக முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்து, தெருவே கூடியிருக்கும்போது நெற்றியில் அடித்த மாதிரி திருப்பிக் கொடுத்துவிட்டாளே! அத்தை மகள் அம்மாவின் மடியை விட்டு எழுந்து போனாள். நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

படத்தை யாரும் நிறுத்தவில்லை. அத்தை ஒரு பக்கம் மூக்கைச் சிந்த, மாமா ஒரு பக்கம் சமாதானம் சொல்ல, பெரியவர் அந்தக் காலத்து நடிகர்களைப் பற்றிச் சொல்ல, அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும்தான் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தோட்டம் வந்தது. சாம்பல் நிறப் பூக்களுக்கு நடுவில் ஒருத்தி சாம்பல் நிறச் சேலையில் நடந்து வந்தாள். அம்மாவின் கை என் தலையில் இருந்தது, அசையவில்லை. ஜெயித்ததை ருசித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கையைப் பிடித்து ஆட்டினேன். "அம்மா, நல்லாக் குடுத்தே!"

"வாய மூடிக்கிட்டு வா" என்றாள்.

அத்தை எங்களோடு மறுபடி பேசுவதற்கு ஊர்க் கோயில் கொடைத் திருவிழா வர வேண்டியிருந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், அம்மா பொறாமைக்காரி என்ற பெயர் தெருவில் நின்றுவிட்டது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். அம்மா ஒரு நாளும் மறுத்ததில்லை. குளத்தில் படக்கதை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். கேட்டால், "மறந்து போச்சு பிள்ளே" என்பாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருநாள் அடுக்களையில் இரண்டு பேரும் உள்ளி, சின்ன வெங்காயம்தான், உரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பழைய கதையை எடுத்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. உரித்த உள்ளியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நான் அந்தப் படத்த அன்னைக்குத்தான் மொதல்ல பாத்தேன்."

அவளுடைய அப்பா பெண்பிள்ளைகளைத் தியேட்டருக்கு விட்டதே இல்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் அப்பாவுக்கு நேரம் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் படத்தின் பேச்சையும் பாட்டையும் மட்டும் ஒலிச்சித்திரம் என்று போடுவார்கள். வீட்டுக்கு டிவி வரும்வரை அவள் பார்த்த படங்கள் எல்லாம் அப்படிப் பார்த்தவைதான். தோட்டத்தில் பூ இருக்கிறது என்று ரேடியோவில் ஒரு வரி வரும். அது மஞ்சள் என்று யாரும் சொன்னதில்லை. சேலை என்ன நிறம் என்றும் சொன்னதில்லை.

"பாத்ததில்லன்னு அத்தன பேரு முன்னால எப்பிடி மக்கா சொல்ல? பொறாமன்னே நெனச்சிட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். இன்னொரு உள்ளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கு அது கலராத்தான் இருந்துச்சு" என்றாள்.

உள்ளியின் காரம் கண்ணில் ஏறியது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் மடியில் உட்கார்ந்து அந்தத் தோட்டத்தைப் பார்த்தபோது எனக்கு இது ஒன்றும் தெரியாது. யார் வீட்டில் கூட்டம் என்ற கணக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த அறையில் அன்றைக்கு ஒருத்திக்கு என்ன போனது என்று எனக்கு விளங்கவில்லை. அவள் கை என் தலையில் அசையாமல் இருந்ததை மட்டும் கண்டேன்.

அந்தப் படம் போட்டதற்கு மறுநாள் திங்கட்கிழமை. மாமா நாகர்கோவிலுக்குப் போய் வேறு இரண்டு கேசட் எடுத்து வந்தார். இரண்டும் கலர். தெருவில் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். அம்மாவும் நானும் போகவில்லை.