பத்து லட்சத்து ஒன்றில் மீதி இரண்டு

பேய், சகுனம் எல்லாம் எனக்கு வேப்பங்காய். அப்பா கறுப்புச் சட்டைக்காரர், எங்கள் வீட்டில் சாமி படம்கூடக் கிடையாது. போதாததற்கு, ஓய்வு பெறும்வரை நான் கணக்கு டீச்சர். அதனால் இதை நம்பினால் நம்புங்கள், சிரித்தால் சிரியுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்போது தஞ்சாவூர்க் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு நன்னிலம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன்; அப்பா ஊரில் இல்லை. சம்பா அறுப்பு. எங்கள் தெரு ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்குப் பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார். அண்ணன் சங்கத்து ஆட்களோடு வயலுக்குப் போனான். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தார்.

"வெட்டு குத்துன்னு ஆயிடுச்சு அத்தே! ஆத்துப் பக்கம் ஓடுனவங்கள்ல ஒருத்தரும் மீதி இல்லயாம்!"

அம்மா சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் போலீஸ், வெளியே போகவும் வழியில்லை. எனக்கு அழுகை வரவில்லை. மனதை எதிலாவது கட்டிப்போட வேண்டும் என்று கல்லூரியில் கொடுத்த கணக்கை எடுத்தேன். பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாததா? இரண்டாலும் ஐந்தாலும் வகுபடாது என்பது பார்த்தாலே தெரியும். அடுப்புக்கரியால் தரையிலேயே மூன்றால் வகுத்தேன், மீதி இரண்டு. ஏழால் வகுத்தேன், இரண்டு. பதினொன்றிலும் இரண்டு, பதின்மூன்றிலும் இரண்டு. அடுத்ததிலும் இரண்டுதான்.

"என்னடி அது?" என்றாள், எழுதப் படிக்கத் தெரியாத அம்மா.

"எதால வகுத்தாலும் மீதி ரெண்டுன்னே வருதும்மா."

என்னையே பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப ரெண்டு பேரு வருவாங்க. அரிசியக் களை."

பெத்த மனம் பித்து என்று நினைத்துக்கொண்டே களைந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது. அண்ணன்! உடம்பெல்லாம் சேறு, தோளில் ஒரு ஆள். பண்ணையார் இறக்கிய வெளியூர்க்காரர், கால் முறிந்து வாய்க்காலில் கிடந்தாராம்.

"இவரும் நம்மள மாதிரி கூலிதாம்மா. விட்டுட்டு வர மனசு வரல."

அம்மா இருவருக்கும் சோறு போட்டாள். அப்போதுதான் நான் அழுதேன், அப்படி ஒரு நிம்மதி. ஓடிய மற்றவர்களும் அக்கரையில் பதுங்கியிருந்து மறுநாள் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். 9,99,999 அந்த எண்களால் எல்லாம் சரியாக வகுபடும், அதைவிட இரண்டு கூடுதலான எண்ணில் இரண்டுதானே மிஞ்சும்? சரிதான், வகுப்பில் நானே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பகா எண்களை வரிசையாகத்தான் வகுத்துப் பார்ப்போம். பதின்மூன்றுக்கு அடுத்தது பதினேழு. அதில் மீதி பத்து வரும். பத்தொன்பதில் பன்னிரண்டு வரும். மறுநாள் தரையை மெழுகப் போனவள் குனிந்து பார்க்கிறேன், பதின்மூன்றுக்கு அடுத்தபடியாக என் கையெழுத்தில் முப்பத்தேழு! மீதி இரண்டு வரும் பகா எண்களில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். நடுவில் இருக்கிற ஐந்து பகா எண்களில் ஒன்றை வகுத்திருந்தாலும் அம்மா உலை வைத்திருக்க மாட்டாள். அந்த ஐந்தையும் நான் தாண்டியதாக எனக்கு நினைவே இல்லை.