மூட்டை வெர்ஷன் மூணு

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை என்பது யாரோ செய்த தப்புக்கு நாம் "சாரி சார்" சொல்லிச் சம்பளம் வாங்குவது. போனைப் பிடித்தே காது பழுத்துப்போன என் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. பெரிய கோப்புகளைச் சுருக்கி ஒரே கோப்பாகக் கட்டித் தரும் மென்பொருள் செய்து விற்றோம். பெயர் 'மூட்டை'. மூட்டை கட்டியதை மூட்டைதான் பிரிக்கும், வேறெதிலும் திறக்காது. முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை.

சட்டம் போட்ட ரசீது

சுருக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு முதலாளி விண்ணப்பம் போட்டார். போட்டதற்கு ஒரு ரசீது வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டி, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. விளம்பர நோட்டீசில் 'காப்புரிமை பெற்றது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தும் விட்டார். "இன்னும் கிடைக்கலையே சார்" என்று வாயைக் கொடுத்தேன். மனுஷன் அசரவில்லை.

"ஏம்மா ஸ்டெல்லா, தாலி கட்டின பிறகா கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாங்க?"

ஒன்பதாவது கட்டு

நாமக்கல்லில் இருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் போன் செய்தார். பண்ணைப் படங்களை மூட்டை கட்டினாராம், பாதியாகக் குறைந்ததாம். ஆசை யாரை விட்டது? அந்த மூட்டையை மறுபடி கட்டி, அதையும் கட்டி, ஒன்பது தடவை கட்டியிருக்கிறார். குறைவதற்குப் பதில் கொஞ்சம் கூடிவிட்டது என்று புகார். பிழிந்த எலுமிச்சம்பழத்தைத் திரும்பப் பிழிந்தால் என்ன சார் வரும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப மொதத் தடவைக்கு மட்டுந்தான் பேட்டன்டுங்களா? இதைய முன்னயே சொல்றதுக்கென்னங்க?"

அழிச்சிருங்கண்ணா

ஜலகண்டாபுரம் மாதேஸ்வரன் அண்ணன் விசைத்தறிக்குச் சேலை டிசைன் வரைபவர். பதினோரு வருஷத்துக் கரை, முந்தானை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். அது நிரம்பி வழிந்து, புதிதாக ஒரு பூவைக்கூடச் சேமிக்க முடியவில்லை. மொத்தத்தையும் மூட்டை கட்ட வைத்து, "இடம் வேணும்ல, ஒரிஜினலை அழிச்சிருங்கண்ணா" என்றேன். பென் டிரைவில் இன்னொன்று போட்டு வைத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கினார். நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி. "காப்புரிமை வாங்கின சாஃப்ட்வேருண்ணா, எதுக்குப் பயம்?" என்று விட்டேன் ஒரு அளப்பு. போனில் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னாச் செரிதானுங்க அம்மிணி, அல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன்."

வக்கீல் நோட்டீஸ்

அடுத்த மாதமே வெளியூர்க் கம்பெனி ஒன்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. எங்கள் 'சொந்த' முறைக்கு அவர்கள் எப்போதோ காப்புரிமை வாங்கிவிட்டார்களாம். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. பத்தே நாளில் வேறு முறையில் வெர்ஷன் மூணு தயார். பழையதை எங்கள் கம்ப்யூட்டர்களில் சுத்தமாக அழித்தோம். வாடிக்கையாளர் நெட்டைப் போட்டதும் அவர்களிடமும் பழையது போய்ப் புதியது தானாக உட்கார்ந்துகொண்டது. புதியதோ பழைய மூட்டைகளைத் திறக்காது.

மாதேஸ்வரன் அண்ணன் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். தீபாவளி ஆர்டருக்கு இந்த வாரமே டிசைன் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினோரு வருஷமாக அவரிடம் டிசைன் வாங்கும் தறி முதலாளிகள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை! ஐயோ மாதாவே, என் பேச்சைக் கேட்டல்லவா அழித்தார்! பழையதைப் பிரிக்க மட்டும் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். ரசீது மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உபதேசம் செய்தார்.

"அடுத்தவன் முறையை இனிமே கையாலகூடத் தொடக்கூடாதும்மா, அது திருட்டு."

ராசிபுரத்து அலமாரி

திருட்டு என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. ராசிபுரத்தில் குப்புராஜ் என்று ஒருவர், தறிக்கு வரும் அண்ணன் டிசைன்களை எப்படியோ பென் டிரைவில் பிடித்து அப்படியே சேலையில் போட்டு விற்கிறார் என்று மாதேஸ்வரன் அண்ணன் எப்போது போன் செய்தாலும் சபிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்ததும் கிளம்புங்கள் என்றேன். "அந்தத் திருட்டுப்பய ஊட்டு வாசப்படிய மிதிக்கமாட்டனுங்க" என்று குதித்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன்.

குப்புராஜ் மழுப்பவே இல்லை. டீ கொடுத்தார், கம்ப்யூட்டரைத் திறந்தார். அலமாரியில் அடுக்கின மாதிரி வருஷவாரியாக, கரை தனி, முந்தானை தனி. மேலே 'மாதேஸ்வரன் அண்ணன்' என்றே பெயர் போட்டிருந்தது. ஏழெட்டு தவிர எல்லாம் இருந்தது. அண்ணன் தன் முதல் மயில் முந்தானையைப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "இத்தனையும் பத்தரமா வெச்சிருக்கறயே!" என்றார் அண்ணன், கோபமா நன்றியா என்று தெரியாத குரலில்.

"உங்க டிசைன நம்பித்தானுங்கண்ணா எம்பொழப்பே ஓடுது, பத்தரமா வெச்சுக்காம இருப்பனுங்களா?"

காப்புரிமை பேசியவரிடம் கொடுத்துத் தொலைத்ததைத் திருடியவரிடம் போய் வாங்கி வந்ததுதான், என் சர்வீஸிலேயே நான் உருப்படியாகத் தீர்த்துவைத்த ஒரே கம்ப்ளெய்ன்ட்.