பம்புக்குள் கிடந்த அச்சரக்கூடு

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தொடங்கிய கதை இது. என் கணவர் அங்கேதான் உழவு மெசின், மோட்டார் சைக்கிள் எல்லாம் திருத்துவார். ஒரு நாள், கடலில் ஏறி ஓட்டும் தண்ணீர் ஸ்கூட்டர் ஒன்றை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். வடக்கே ஏதோ கடற்கரை விடுதியில் பழுதாகிக் கிடந்ததாம். திருத்தி முடிந்ததும் மடியில் வைத்து ஓட்டுவதாக எங்கள் மூன்று வயது மகனுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்.

அவர் கழற்றுவார். நான் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தின் படத்தில் தேடி, நம்பர் எழுதிய துணித்துண்டைக் கட்டிப் பன்பாயில் அடுக்குவேன்.

தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடவைக்கும் பம்பு, மெசினின் அடியில் இருந்தது. அதைக் கழற்றியபோது பாசியோடு, படத்தில் இல்லாத மூன்று சாமான்கள் விழுந்தன. ஒன்று மோட்டார் சைக்கிள் நட்டு. ஒன்று உடைந்த ஸ்பிரிங். மூன்றாவது, கறுத்துப்போன சிறு குழாய். பம்பின் தண்டில் இறுகிக் கிடந்த கறுப்பு நூலையும் அவிழ்த்து என் பக்கம் போட்டார்.

“குழாய் என்ன மச்சான்?”

“தண்டுல மாட்டுற புஷ்தான் புள்ள. எங்கயாச்சும் பொருந்தும், வை.”

மறுநாள் பகல் அவர் லுஹர் தொழப் போயிருந்த நேரம் குழாயை மறுபடி தேய்த்தேன். இரு முனையிலும் மூடி தெரிந்தது, நடுவில் கயிறு கோக்கும் வளையம். அச்சரக்கூடு! ஓதி எழுதிய தகட்டை உள்ளே வைத்துப் பிள்ளைகளின் அரையில் கட்டுவோமே, அது. ஓடிப்போய், தூங்கிக்கொண்டிருந்த மகனின் சட்டையை உயர்த்திப் பார்த்தேன். அவனுடையது அவன் அரையிலேயே இருந்தது. அந்தக் கறுப்பு நூலை அவன் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். சரியாக ஒரு சுற்று. போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. வேறோர் இடத்தில்தான் அறுந்திருந்தது.

புத்தகத்தைப் புரட்டினேன். உறிஞ்சும் வாயை மூட ஒரு கம்பித் தட்டு வரைந்திருந்தது. பாயில் அது இல்லை.

அவர் வந்ததும் தட்டைப் பற்றி மட்டும் கேட்டேன். “பாசி அடைக்குதெண்டு கழட்டி எறிஞ்சிருப்பானுகள். அது இல்லாமலும் ஓடும்” என்றார். அச்சரக்கூட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. படித்தவள் இதற்கெல்லாம் பயப்படுகிறாளே என்பாரோ? யாரோ மீனவர் தொலைத்தது மணலோடு வந்திருக்குமோ? அதை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு நாள் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மெசினைக் கடலில் இறக்கினார்கள். அயல் பிள்ளைகள் எல்லாம் அதைச் சுற்றித் தண்ணீரில் குதித்தார்கள். “மகனத் தா புள்ள” என்று அவர் கை நீட்டினார். என் கை விடவில்லை. முந்தானையை அவிழ்த்துக் காட்டி, ஏதோ ஒரு பிள்ளையின் அரையிலிருந்து இதை இந்த மெசின் உறிஞ்சி இழுத்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவருடைய கூட்டாளி சிரித்தார். “இஞ்ச பாருங்க, ஏ லெவல் படிச்ச மச்சிக்கும் பேய் புடிச்சிட்டு!”

என் கணவர் சிரிக்கவில்லை. பிள்ளைகளைக் கரைக்கு விரட்டினார். மெசினைத் தோணியோடு கட்டி, எஞ்சினை முடுக்கி, ஒரு தென்னங்கயிற்றின் நுனியை அடியில் விட்டார். கண் இமைப்பதற்குள் கயிறு அவர் உள்ளங்கைத் தோலையும் உரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. எஞ்சின் ஒரு முறை முக்கி நின்றது. சிரித்தவர் போய்த் தன் மகளைத் தூக்கிக்கொண்டார்.

“ரெண்டு நாளா இத ஏன் வெச்சிருந்த?” என்று கணவர் மெல்லக் கேட்டார். நான் அவர் உள்ளங்கையை என் முந்தானையால் சுற்றிக் கட்டினேன்.

விடுதிக்கு ஆள் அனுப்பி விசாரித்தோம். பூட்டிக் கிடந்தது, புதிதாக வந்த காவல்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நூலைக் கட்டியவளும் என்னைப் போல பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் முடிச்சுப் போட்டிருப்பாள். அவள் பிள்ளை கரை சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது. அதனால்தான் மனதில் ஒரு பயம் தட்டினால், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று அந்த நிமிடமே சொல்லிவிடுகிறேன்.